பேரப்பிள்ளை பிறக்காத பழ ஈ: இனச்செல்கள் உருவாகும் விதத்தை விலங்குகளிடம் படிக்கும் கதை

1948-ஆம் ஆண்டு ஹெலன் ஸ்பர்வே என்ற பிரிட்டிஷ் மரபியலாளர் ஒரு விநோதமான பழ ஈ வகையைப் பற்றி எழுதினார். அந்த வகையில் தாய் ஈக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அது வழக்கம்போல முட்டையிட்டது, முட்டைகள் பொரிந்தன, புழுக்கள் வளர்ந்து ஈக்களாயின. அந்தப் பிள்ளை ஈக்களும் மற்ற ஈக்களைப் போலவே பறந்தன, தின்றன. ஆனால் அவற்றுக்கு வாரிசு உண்டாகவில்லை. ஆணின் விந்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் மேலுறை இருந்தது, உள்ளே இருக்க வேண்டிய செல்கள் இல்லை. பெண்ணின் சினைப்பையும் அதேபோல வெறுங்கூடாக இருந்தது. வியப்பு என்னவென்றால், குறையுள்ள மரபணு யாரிடம் இருந்தது என்பதுதான். தந்தை எத்தகைய ஈயாக இருந்தாலும், அதனிடமிருந்து நல்ல மரபணு பிள்ளைகளுக்கு வந்திருந்தாலும், தாயிடம் அந்த மரபணுவின் இரு படிகளும் பழுதாக இருந்தால் பிள்ளைகள் மலடாயின. தாய்க்குப் பிள்ளைகள் உண்டு, பேரப்பிள்ளைகள் மட்டும் இல்லை என்பதால் அந்த மரபணுவுக்கு ‘பேரப்பிள்ளையற்றது’ என்றே பொருள்படும் ஆங்கிலப் பெயர் அமைந்தது. (ஸ்பர்வே பின்னர் 1957-இல் தம் கணவர் ஜே.பி.எஸ். ஹால்டேனுடன் இந்தியாவுக்கே குடிவந்து, கல்கத்தாவிலும் புவனேஸ்வரிலும் வாழ்ந்து, 1978-இல் ஹைதராபாத்தில் மறைந்தார்.)

இந்த ஒரு ஈயை நன்றாகப் புரிந்துகொண்டால், இனச்செல்கள் எவ்வாறு உருவாகின்றன என்ற பாடத்தின் பாதி புரிந்துவிடும். பிள்ளையின் உடலில் விந்தணுவோ கருமுட்டையோ உருவாவதற்குத் தேவையான ஏதோ ஒன்றைத் தாய் முன்கூட்டியே முட்டைக்குள் வைத்து அனுப்புகிறது. அந்தத் தாயால் அதை வைக்க முடியவில்லை. அது என்ன, முட்டையில் எங்கே இருக்கிறது, எல்லா விலங்குகளிலும் இப்படித்தானா என்ற கேள்விகள் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்பதே விடை. அந்த விடைக்கு வந்து சேர இத்துறைக்கு நெடுங்காலம் பிடித்தது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பல செல் விலங்கின் உடலில் இரு வகைச் செல்கள் உள்ளன. தோல், தசை, நரம்பு, குருதி, எலும்பு என உடலைக் கட்டி, அந்த உடலோடு சேர்ந்தே மடிந்துபோகும் செல்கள் உடற்செல்கள். விந்தணு, கருமுட்டை ஆகியவையும் அவற்றுக்கு மூலமான செல்களும் இனச்செல்கள். ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு அறுபடாமல் ஓடுகிற இந்தச் செல்களின் தொடர்ச்சியை இக்கட்டுரையில் ‘இனச்செல் மரபு’ என்று குறிப்பிடுவோம். கருவில் முதன்முதலாக ‘இவை இனச்செல்கள்’ என்று தனித்து அடையாளம் காணத்தக்க சில செல்களை ‘ஆதி இனச்செல்கள்’ என்போம்.

இந்தப் பிரிவினையை அழுத்தந்திருத்தமாக முன்வைத்தவர் ஜெர்மானிய உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மான். உடலுக்கு நேரும் மாற்றம் இனச்செல்லைத் தொடுவதில்லை என்பது அவர் கட்சி. 1880-களின் பிற்பகுதியில் அவர் எலிகளின் வாலை வெட்டி, அவற்றை இனம்பெருக்கி, பிறந்த குட்டிகளைக் கண்காணித்தார். வால் வெட்டப்பட்ட பெற்றோருக்கு ஐந்து தலைமுறைகளில் 901 குட்டிகள் பிறந்தன; ஒன்றுகூட குட்டை வாலோடு பிறக்கவில்லை. காதுகுத்து விழாவை வழிவழியாகக் கொண்டாடி வரும் நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எலிகள் தேவையில்லைதான். எந்தக் குழந்தையும் காதில் துளையோடு பிறந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. வைஸ்மானின் வால் சோதனை பிரபலமானது என்றாலும், அதைவிட அவர் எழுப்பிய இன்னொரு கேள்வியே இங்கு முக்கியம்: கருவில் இந்த இரு வகைச் செல்களும் எப்போது, எதனால் பிரிகின்றன?

அதை மனிதரில் நேரடியாகப் பார்க்க முடியாது. ஆதி இனச்செல்கள் தோன்றும் காலத்தில், பெரும்பாலான பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே உறுதியாகத் தெரிந்திருக்காது. அவற்றின் எண்ணிக்கையும் மிகச் சொற்பம். உருவாகும் இடமும் பின்னர் போய்ச் சேரும் இடமும் வேறு வேறு. எனவே ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் வளர்க்கத்தக்க சில விலங்குகளைத் தேர்ந்தெடுத்துப் படிக்கிறார்கள். இவற்றை மாதிரி உயிரிகள் என்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வசதி உண்டு: பழ ஈயில் மரபணுக்களை எளிதில் கையாளலாம், உருளைப்புழு கண்ணாடிபோல ஒளி ஊடுருவுவது, வரிக்குதிரை மீனின் கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்வது, எலி நம்மைப் போன்ற பாலூட்டி. ஆனால் வசதிக்காகத் தேர்ந்தெடுத்த விலங்கு தனக்கே உரிய விடையைத்தான் தரும். விலங்கைத் தேர்ந்தெடுக்கும்போதே விடையின் ஒரு பகுதியையும் அறியாமல் தேர்ந்தெடுத்துவிடுகிறோம் என்பதை, கீழே வரும் ஒவ்வொரு விலங்கையும் பார்க்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஈயின் முட்டைக்குப் பின்முனையில்

பழ ஈயின் முட்டை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளம். சற்றே வளைந்த ஓர் அரிசிமணியை வெகுவாகச் சுருக்கியது போன்ற வடிவம். கருவுற்ற பிறகு அதன் உட்கரு இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டே போகும். ஆனால் உட்கருக்களுக்கு நடுவே சுவர் எழும்புவதில்லை. ஒரே பெரிய கூடத்தில் பலர் தடுப்பின்றிக் குடியிருப்பது போல, ஒரே சைட்டோபிளாசத்தில், அதாவது செல்லை நிரப்பியிருக்கும் கூழில், நூற்றுக்கணக்கான உட்கருக்கள் மிதக்கின்றன. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் சில உட்கருக்கள் முட்டையின் பின்முனையை அடைகின்றன. அங்கே மட்டும், மற்ற இடங்களில் செல் சவ்வுகள் தோன்றுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்பாகவே, உட்கருக்கள் ஒவ்வொன்றாகச் சவ்வைப் போர்த்திக்கொண்டு வெளியே பிதுங்குகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டையின் கடைசியில் சின்னஞ்சிறு மணிகளைக் கொத்தாக ஒட்டிவைத்தது போலத் தெரியும். முப்பது நாற்பது மணிகள் இருக்கும். இவைதான் ஈயின் ஆதி இனச்செல்கள். முனையில் தோன்றுவதால் துருவச் செல்கள் என்று பெயர்.

இந்த உட்கருக்கள் அனைத்திலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. பின்முனைக்குப் போனது மட்டும் இனச்செல்லாவதற்குக் காரணம் அந்த இடத்தின் சைட்டோபிளாசத்தில் இருக்க வேண்டும் என்ற ஐயம் நீண்ட காலமாகவே இருந்தது. 1908-இல் அமெரிக்கரான ராபர்ட் ஹெக்னர், இலை தின்னும் வண்டுகளின் முட்டையில் பின்முனையைத் துளைத்து அங்குள்ள பொருளை வெளியேற்றினார். கரு வளர்ந்தது, இனச்செல்கள் இல்லை. ஆயினும் ஒன்றை நீக்கினால் ஒரு விளைவு இல்லாமற்போகிறது என்பதால் மட்டும் அதுவே அந்த விளைவுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வண்டியின் பெட்ரோல் குழாயை அறுத்தாலும் வண்டி நிற்கும், சாவியைப் பிடுங்கினாலும் நிற்கும். அந்தப் பொருளை வேறிடத்தில் வைத்தால் அங்கேயும் இனச்செல் முளைக்கிறதா என்று பார்ப்பதே உரைகல்.

அதை 1974-இல் கார்ல் இல்மென்சேயும் அந்தோனி மஹோவால்டும் பழ ஈயில் செய்தார்கள். ஒரு முட்டையின் பின்முனைச் சைட்டோபிளாசத்தை நுண்ணிய கண்ணாடி ஊசியால் உறிஞ்சி, மற்றொரு முட்டையின் முன்முனையில், அதாவது தலை உருவாக வேண்டிய இடத்தில், செலுத்தினார்கள். தலைப் பக்கத்தில் துருவச் செல்கள் தோன்றின! ஆனால் தலைக்குள் இருக்கும் இனச்செல்லால் விந்தகத்துக்கோ சினைப்பைக்கோ போக முடியாது. அது பார்வைக்கு மட்டும் இனச்செல்லா, உண்மையிலேயே இனச்செல்லா என்று எப்படி அறிவது? எனவே அந்தச் செல்களை எடுத்து, வேறு மரபணு அடையாளம் கொண்ட மூன்றாவது முட்டையின் பின்முனையில் வைத்தார்கள். அந்த முட்டை ஈயாகி வளர்ந்தபோது, முன்முனையிலிருந்து வந்த செல்களின் அடையாளத்தோடு குஞ்சுகள் பிறந்தன. இத்துறையில் நான் படித்த சோதனைகளில் எதிர்க்கேள்விக்கு இவ்வளவு முழுமையாக இடம் வைத்துப் பதில் சொன்னவை அதிகமில்லை.

அந்தப் பொருளில் இருப்பது என்ன என்பதற்கான விடை மரபணுக்கள் மூலம் கிடைத்தது. ஸ்பர்வேயின் ஈயைப் போலவே, தாயிடம் பழுதானால் பேரப்பிள்ளை இல்லாமற்போகும் மரபணுக்கள் பின்னர் பல கண்டறியப்பட்டன; ஆஸ்கார், வாசா, டியூடர், நேனோஸ் ஆகியவை அவற்றுள் சில. தாயின் சினைப்பையில் வளரும் ஒவ்வொரு கருமுட்டைக்கும் பக்கத்தில் பதினைந்து செவிலிச் செல்கள் இருக்கின்றன. அவை உடன்பிறந்த செல்கள்தான். ஆனால் தாம் முட்டையாகாமல், முட்டைக்குத் தேவையான ஆர்.என்.ஏ.வையும் (புரதம் செய்வதற்கான மரபணுவின் படி) புரதங்களையும் உற்பத்தி செய்து அதற்குள் கொட்டிவிட்டு மடிகின்றன. அப்படிக் கொட்டப்படும் ஆஸ்கார் ஆர்.என்.ஏ., முட்டைக்குள் போடப்பட்ட நுண்குழல் பாதைகளின் மேல் மோட்டார் புரதங்களால் சுமந்து செல்லப்பட்டுப் பின்முனையில் இறக்கப்படுகிறது. அங்குதான் அதிலிருந்து புரதம் செய்யப்படுகிறது. அந்தப் புரதம் மற்றவற்றைக் கூட்டிச் சேர்க்கிறது. 1992-இல் ஆன் எஃப்ருசியும் ரூத் லேமனும் ஆஸ்கார் ஆர்.என்.ஏ.வின் முகவரிப் பகுதியை மட்டும் மாற்றி அதை முன்முனைக்கு அனுப்பினார்கள். அங்கே துருவச் செல்கள் எழுந்தன. சைட்டோபிளாசத்தை ஊசியால் மாற்ற வேண்டியிருந்த இடத்தில், ஒரு மரபணுவின் முகவரியை மாற்றுவதே போதுமானதாக இருந்தது.

துருவச் செல்லாக ஆன பின் அது செய்யும் முதல் வேலை வாய்மூடி இருப்பது. சுற்றிலும் ஆறாயிரம் உடற்செல்கள் தத்தம் மரபணுக்களை இயக்கி, நான் தலை, நான் வயிறு என்று முடிவெடுத்துக்கொண்டிருக்கும் வேளையில், இனச்செல்களில் மரபணுக்களைப் படியெடுக்கும் வேலையே முடக்கிவைக்கப்படுகிறது. உடற்செல்லாகச் சொல்லும் கட்டளைகள் அவற்றின் காதிலும் விழத்தான் செய்கின்றன. பணிய மறுப்பதே அவற்றைக் காப்பாற்றுகிறது. இப்போது முதலில் கண்ட ஈக்குத் திரும்பினால் விஷயம் எளிது: தாயின் பழுதான மரபணுவால் முட்டையில் துருவச் செல்கள் தோன்றவில்லை; விந்தகத்தின் சுவரும் சினைப்பையின் சுவரும் உடற்செல்களால் ஆனவை என்பதால் அவை பழுதின்றி உருவாகிவிட்டன; குடியேற ஆளில்லாத வீடுகளாக அவை காலியாக நின்றன.

புழுவின் நான்கு பிரிவுகள்

சிட்னி பிரென்னர் 1960-களில் கேம்பிரிட்ஜில் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த உருளைப்புழு ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ளது. வளர்ந்த புழுவில் உடற்செல்களின் எண்ணிக்கை மாறுவதேயில்லை. இருபால் புழுவில் அவை 959. எந்தச் செல் எதிலிருந்து பிறந்தது என்ற வம்சாவளி முழுவதும் எழுதப்பட்டுவிட்டது. அந்த வம்சாவளியில் இனச்செல் மரபைத் தனியாக விரல்வைத்துத் தொட்டுக்கொண்டே போகலாம். கருவுற்ற முட்டை சமமில்லாமல் இரண்டாகப் பிரியும். பின்பக்கச் சிறிய செல்லுக்குள்தான் இனச்செல் மரபு போகும். இப்படி நான்கு முறை சமமற்ற பிரிவு நடந்ததும் எஞ்சி நிற்கும் ஒரே செல், பிறகு ஒருமுறை சமமாகப் பிரிந்து இரண்டாகிறது. அந்த இரண்டும் புழு முட்டையிலிருந்து வெளிவந்து உணவு உண்ணும் வரை சும்மா இருக்கின்றன. பின்னர் அவற்றிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் இனச்செல்கள் பெருகுகின்றன. எண்ணிக்கையில் பார்த்தால் புழு பெரும்பாலும் இனச்செல்தான்.

1980-களின் தொடக்கத்தில் சூசன் ஸ்ட்ரோமும் வில்லியம் வுட்டும் இந்தப் புழுவின் முட்டைகளுக்கு ஒளிரும் சாயமிட்டுப் பார்த்தபோது, சைட்டோபிளாசத்தில் சில துகள்கள் தெரிந்தன. அவை ஒவ்வொரு பிரிவிலும் இனச்செல் மரபின் பக்கமே போய்ச் சேர்ந்தன. ஈயின் பின்முனைப் பொருளுக்கு நிகரான ஒன்று என்று எவருக்கும் தோன்றும். 2009-இல் இத்துகள்கள் திடப்பொருள்கள் அல்ல, எண்ணெயில் மிதக்கும் நீர்த்துளிபோல ஒன்றோடொன்று கலந்து, ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் திரளும் திரவத் துளிகள் என்று தெரியவந்தது; செல்லுக்குள் சவ்வில்லாமலே பொருள்கள் எப்படித் தனித்தனியாக ஒதுங்குகின்றன என்ற பெரிய ஆய்வுத் துறைக்கு இந்தப் புழுவின் துளிகளே வழி திறந்தன. ஆனால் மறு ஆண்டே ஒரு திருப்பம். துளிகள் எல்லாச் செல்களுக்கும் பாகுபாடின்றிப் பங்கிடப்படுமாறு மரபணுவை மாற்றிப் பார்த்தபோதும், இனச்செல்கள் உருவாக வேண்டிய இடத்தில் மட்டுமே உருவாயின. ஒன்றோடு எப்போதும் கூடவே வருவது அதற்குக் காரணமாகவும் இருக்க வேண்டியதில்லை. ஹெக்னரின் ஊசிக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்துகிறது.

புழு கற்றுத்தந்த இன்னொன்று, இனச்செல்கள் தம் எண்ணிக்கையை எப்படிக் காத்துக்கொள்கின்றன என்பது. குழாய்போன்ற இனப்பெருக்க உறுப்பின் கோடியில் தொப்பிபோல ஓர் உடற்செல் கவிந்திருக்கிறது. 1981-இல் ஜூடித் கிம்பிளும் ஜான் வைட்டும் லேசர் கதிரால் அந்த ஒரே செல்லைக் கொன்றார்கள். அதன் அருகில் பெருகிக்கொண்டிருந்த இனச்செல்கள் அனைத்தும் பெருகுவதை விட்டு, குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பிரிவில் இறங்கின. ‘இன்னும் பெருகு’ என்ற சொல்லைப் பக்கத்துச் செல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் கையிருப்பு முதல் எல்லாம் செலவாகிவிடும்.

எலி சொன்ன வேறு கதை

ஈ, புழு, தவளை ஆகிய மூன்றிலும் தாய் முட்டைக்குள் வைத்த பொருளே இனச்செல்லைத் தீர்மானிப்பதாகக் கண்டபோது, எல்லா விலங்குகளிலும் இதுதான் வழி என்று எண்ணத் தோன்றியதில் வியப்பில்லை. எலியின் முட்டையிலோ அப்படி எதுவும் அகப்படவில்லை. எலிக் கருவின் தொடக்கச் செல்களில் ஒன்றிரண்டை நீக்கினாலும், இரு கருக்களைச் சேர்த்து ஒன்றாக்கினாலும், இனச்செல்லுள்ள எலியே பிறக்கிறது. ஒரு மூலையில் வைத்த பொருளை நம்பியிருக்கும் கரு இவ்வளவு இடிபாடுகளைத் தாங்காது.

பேட்ரிக் டாமும் எஸ்.எக்ஸ். சௌவும் 1996-இல் இதை நேராகவே கேட்டுப் பார்த்தார்கள். ஆறேழு நாள் வயதான எலிக் கரு ஒரு சிறு கிண்ணம் போன்றது. கிண்ணத்தின் விளிம்பை ஒட்டிய செல்களிலிருந்து இனச்செல்கள் வரும். அடிப்பகுதிச் செல்களிலிருந்து நரம்புத் திசு போன்றவை வரும். அவர்கள் அடிப்பகுதிச் செல்களை எடுத்து விளிம்பில் நட்டார்கள். அவை இனச்செல்களாயின. எந்த இடத்தில் நிற்கிறாய் என்பதே நீ யார் என்பதை முடிவு செய்கிறது. விளிம்புக்கு அப்பால் இருக்கும், கருவுக்கு ஊட்டம் தரும் துணைத் திசுவிலிருந்து பி.எம்.பி.4 என்ற புரதம் வருகிறது. அந்தச் சமிக்ஞை கிட்டிய செல்களே இனச்செல்லாகும் தகுதி பெறுகின்றன. அம்மரபணு இல்லாத எலிக் கருவில் ஆதி இனச்செல் ஒன்றுகூட உருவாவதில்லை என்பது 1999-இல் காட்டப்பட்டது. 2005-இல், ஆறேகால் நாள் கருவில் பிளிம்ப்1 என்ற மரபணு ஆறு செல்களில் விழித்துக்கொள்வதையும், அவையே இனச்செல் மரபின் தொடக்கம் என்பதையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரு நாள் கழித்து அவை நாற்பதளவில் ஆகின்றன. பதின்மூன்றாம் நாள் முடிவதற்குள் ஏறத்தாழ 25,000.

ஆக இரு வழிகள். ஒன்று சீதனம்: தாய் தந்த பொருள் யார் பங்கில் விழுகிறதோ அவர் இனச்செல். மற்றது நியமனம்: அண்டைத் திசு யாரை அழைக்கிறதோ அவர் இனச்செல். இவற்றுள் எது பழையது? 2003-இல் கசாண்ட்ரா எக்ஸ்டவூரும் மைக்கேல் ஏகமும் விலங்குலகம் முழுவதிலும் இருந்த பழைய பதிவுகளைத் திரட்டி ஒப்பிட்டு, நியமன வழியே பரவலானது, பெரும்பாலும் முன்னோர் வழியும் அதுதான், சீதன வழி பல கிளைகளில் தனித்தனியாகப் பின்னர் தோன்றியிருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். நீர்நில வாழ்வனவற்றிலேயே தவளை ஒரு கட்சி, ஆக்சலாட்டல் என்னும் சாலமாண்டர் மற்றொரு கட்சி. பூச்சிகளிலும் அதே கதை: பாச்சை வகையைச் சேர்ந்த இரட்டைப்புள்ளிச் சில்வண்டின் முட்டையில் பின்முனைப் பொருள் இல்லை, எலியைப் போலவே பி.எம்.பி. சமிக்ஞை கிடைத்துத்தான் அதன் இனச்செல்கள் உருவாகின்றன என்று 2014-இல் எக்ஸ்டவூரின் குழு காட்டியது. ஈயில் சகலமுமாக இருக்கும் ஆஸ்கார் மரபணு சில்வண்டிடமும் உண்டு. ஆனால் அங்கே அதற்கு நரம்பு மண்டலத்தில் வேலை. பல்லாண்டுகள் பாடநூல்களில் பொது விதிபோல நின்ற பழ ஈ, இந்த விஷயத்தில் சிறப்பு விதி.

பிறந்த இடமும் புகுந்த இடமும்

இரு வழிகளுக்கும் பொதுவான ஒரு விந்தை உண்டு. இனச்செல்கள் தாம் வாழப்போகும் உறுப்பில் பிறப்பதில்லை. வேறெங்கோ பிறந்து, பயணம் செய்து போய்ச் சேர்கின்றன. கோழியிடம் இது மிக வெளிப்படையாகத் தெரியும். முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றினால் மஞ்சள் கருவின் மேல் வெளிறிய சிறு புள்ளி ஒன்று தெரியும். கடையில் வாங்கும் பண்ணை முட்டையில் அது கருவுறாத வெறும் புள்ளி. சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் முட்டையாக இருந்தால் புள்ளியைச் சுற்றி மெல்லிய வளையம் இருக்கும், அதற்குள் பல்லாயிரம் செல்களாகக் கரு ஏற்கெனவே பிரிந்திருக்கும். அடைகாக்கத் தொடங்கியதும் ஆதி இனச்செல்கள் தலைக்கு முன்னே பிறை வடிவான ஓரிடத்தில், கருவின் உடலுக்கே வெளியே, கூடுகின்றன. குருதிக்குழாய்கள் உருவானதும் அவற்றுக்குள் இறங்கி, ஓடும் குருதியோடு சுற்றி வந்து, இனப்பெருக்க உறுப்பு உருவாகும் இடத்தில் கரையேறுகின்றன. 1914-லேயே இதைச் சார்லஸ் ஸ்விஃப்ட் விவரித்துவிட்டார். இன்று மரபணு மாற்றிய கோழிகளை உருவாக்க விரும்புவோர், குஞ்சின் கருக் குருதியிலிருந்தே இந்தச் செல்களை எடுத்து வளர்க்கிறார்கள்.

போகும் வழி எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கு விடை தந்தது வரிக்குதிரை மீன். கங்கை, பிரம்மபுத்திரை பாயும் நிலப்பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட விரல் நீள மீன் அது. 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கையாற்று மீன்களை விவரித்தபோது அறிவியல் பெயர் பெற்றது. அதன் கரு ஒளி ஊடுருவுவது என்பதால் இனச்செல்கள் நகர்வதைத் திரைப்படம்போலப் பதிவு செய்யலாம். கருவின் நான்கு இடங்களில் தோன்றும் அவை, உடற்செல்கள் வெளியிடும் ஒரு வேதிப்பொருளின் செறிவு எங்கே கூடுதலாக இருக்கிறதோ அந்தப் பக்கமாக ஊர்ந்து போகின்றன. அப்பொருளை வேறிடத்தில் சுரக்கச் செய்தால் அங்கே போய் நிற்கின்றன. அதை உணரும் ஏற்பியை நீக்கினால் திசை தெரியாமல் அலைகின்றன. இனச்செல்களை முற்றிலும் இழந்த வரிக்குதிரை மீன்கள் எல்லாம் ஆணாக வளர்கின்றன என்பதும் இங்கேதான் தெரிந்தது; எலியில் அப்படி நடப்பதில்லை.

எலியில் இனச்செல்கள் பின்குடலின் சுவர் வழியாக ஊர்ந்து, நடுக்கோட்டைக் கடந்து, இருபுறமும் உள்ள உறுப்பு மேடுகளை அடைகின்றன. மேலே வெள்ளைத் திட்டும் குருதிச்சோகையும் மலட்டுத்தன்மையும் ஒன்றாகக் காணப்படும் சில எலி வகைகள் நெடுநாள் புதிராக இருந்தன. தோலுக்கு நிறம் தரும் செல், குருதி மூலச்செல், இனச்செல் ஆகிய மூன்றும் உயிர்பிழைக்க ஒரே சமிக்ஞையை நம்பியிருப்பதும், அந்தச் சமிக்ஞையை ஏற்கும் கிட் என்ற புரதம் அவற்றில் பழுதாக இருப்பதும் பிற்பாடு விளங்கியது. வழி தவறும் இனச்செல்கள் பெரும்பாலும் இறந்துவிடுகின்றன. இறக்காமல் தங்கிவிடுபவை என்ன ஆகும்? முதுகெலும்பின் அடி, மார்பின் நடு, மூளையின் நடு என உடலின் நடுக்கோட்டிலேயே குழந்தைகளுக்குச் சில இனச்செல் கட்டிகள் வருவதற்கு, பயணத்தில் பின்தங்கிய இனச்செல்களே காரணம் என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். ‘முட்டுச்சந்து’ என்று பொருள்படும் பெயருள்ள ஒரு மரபணு வரிக்குதிரை மீனில் பழுதானால் இனச்செல்கள் அழியும். அதே மரபணு ஒரு குறிப்பிட்ட எலி வகையில் பழுதானால், இனச்செல்கள் குறைவதோடு விந்தகத்தில் கட்டியும் தோன்றும்.

எலியிலிருந்து மனிதருக்கு

பயணத்தின்போதும் அது முடிந்த பின்னும் எலியின் இனச்செல்களில் ஒரு பெரிய துடைப்பு வேலை நடக்கிறது. டி.என்.ஏ.வின் மேல், எந்த மரபணு பேச வேண்டும், எது வாய்மூட வேண்டும் என்று குறிக்கும் மீத்தைல் அடையாளங்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றின் பெரும்பகுதி இனச்செல்களில் அழிக்கப்படுகிறது. சில மரபணுக்களில் ‘இது தாயிடமிருந்து வந்தது’, ‘இது தந்தையிடமிருந்து வந்தது’ என்ற முத்திரை இருக்கும்; தந்தையின் முத்திரைகள் மட்டுமோ தாயின் முத்திரைகள் மட்டுமோ கொண்ட எலிக் கரு முழுதாக வளராது என்று 1984-இல் அசிம் சுரானியின் குழுவும் வேறொரு குழுவும் காட்டியிருந்தன. ஒரு பெண் எலி தன் தந்தையிடமிருந்து பெற்ற முத்திரையை அழித்து, தன் கருமுட்டையில் தாய் முத்திரையைப் புதிதாக இட வேண்டும். அந்த அழிப்பு நடக்கும் இடம் ஆதி இனச்செல்.

இவ்வளவும் தெரிந்தால் இனச்செல்லை ஆய்வகத் தட்டிலேயே உருவாக்க முடியுமல்லவா? கட்சுஹிகோ ஹயாஷி, மிதினோரி சைதோ ஆகியோரின் குழு 2011-இல் எலியின் ஸ்டெம் செல்களுக்கு (பல வகைச் செல்களாக மாறவல்ல மூலச்செல்கள்), கரு கொடுக்கும் அதே வரிசையில் அதே சமிக்ஞைகளைக் கொடுத்து, ஆதி இனச்செல் போன்றவற்றை உருவாக்கியது. அவை உண்மையானவையா என்று சோதிக்க, கிட் பழுதால் இனச்செல்லின்றிக் காலியாக இருந்த எலிகளின் விந்தகத்தில் அவற்றை வைத்தார்கள். விந்தணு உருவாகி, குட்டிகளும் பிறந்தன. மறு ஆண்டு கருமுட்டையும் கைகூடியது. 2016-இல் கருமுட்டையின் வளர்ச்சி முழுவதையும் உடலுக்கு வெளியிலேயே முடித்தார்கள். ஒரு காலத்தில் புதிராக இருந்த மலட்டு எலி, இங்கே சோதனைக்கு ஏற்ற காலி வீடாகப் பயன்பட்டதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் எலிக்கான செய்முறையை அப்படியே மனிதச் செல்லுக்குப் பயன்படுத்தியபோது சரிவரவில்லை. மனித இனச்செல் உருவாக சாக்ஸ்17 என்ற மரபணு முதன்மையாகத் தேவை என்று 2015-இல் தெரிந்தது. எலியில் அந்த மரபணுவுக்கு இனச்செல்லைத் தீர்மானிப்பதில் அத்தகைய பங்கில்லை. எலியின் இனச்செல்லில் முக்கியமாக உள்ள சாக்ஸ்2, மனித இனச்செல்லில் இயங்குவதே இல்லை. பாலூட்டி என்ற உறவு மட்டும் போதவில்லை. கருவின் வடிவமும் ஒரு காரணமாக இருக்கலாம்: இந்தக் கட்டத்தில் எலிக் கரு கிண்ணம் போன்றது, மனிதக் கருவோ தட்டையான வட்டத் தகடு. அதனால் அதேபோன்ற தட்டைக் கருவுள்ள விலங்குகளின் பக்கம் ஆய்வு திரும்பியது. பன்றிக் கருவைப் படித்தவர்கள் 2017-இல், அங்கேயும் சாக்ஸ்17 முன்னணியில் இருப்பதையும், இந்த விஷயத்தில் எலியைவிடப் பன்றியே மனிதருக்கு நெருக்கமாக இருப்பதையும் கண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சைதோவின் குழு நீள்வால் மக்காக் குரங்கின் கருக்களை ஆராய்ந்தபோது, முதல் இனச்செல்கள் அந்தத் தட்டையான கருத் தகட்டிலேயே இல்லை. கருவை மூடிக் கூரைபோல அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த பனிக்குடச் சவ்வில் இருந்தன.

மனிதக் கருவிலும் அப்படித்தானா என்பதை நேரில் பார்ப்பதற்கு வழி குறுகியது. ஆய்வகத்தில் மனிதக் கருவைப் பதினான்கு நாள்களுக்கு மேல் வளர்ப்பதில்லை என்ற வரம்பைப் பல நாடுகள் சட்டமாகவோ நெறியாகவோ கடைப்பிடிக்கின்றன. ஆதி இனச்செல்கள் தோன்றுவதும் அந்த இரண்டாம், மூன்றாம் வாரச் சந்தியில்தான். நான்காம் வாரக் கருவில், கருவுணவுப் பையின் சுவரில் அவை ஏற்கெனவே உருவாகி நிற்பதைப் பழைய கருத் தொகுப்புகளில் பார்க்கலாம். இடைப்பட்ட அந்தப் பத்துப் பதினைந்து நாள்களுக்கு, ஒரு பக்கம் குரங்கின் கருவையும் பன்றியின் கருவையும், மறுபக்கம் தட்டில் வளர்த்த மனித ஸ்டெம் செல்களையும் அருகருகே வைத்து, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று செல் செல்லாக ஒப்பிட்டுத்தான் படத்தை வரைந்துகொண்டிருக்கிறார்கள்.